எட்டுப் பெருக்கல் குறிகள்

ஹீயுமா தீவு. பிப்ரவரி.
கடல் இறுகிப் படகு நின்று மூன்று நாள்.
கூட்டுறவுக் கட்டடத்தின் கொதிகலன் அறையில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் அஞ்சல் பெட்டிகளை
ஒரே சர்வரில் வைத்துக்கொண்டு
கால் குளிராமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு சர்வர்கள் சந்தித்தால்
முதலில் வணக்கம். பிறகு தெரிந்ததையெல்லாம் ஒப்பிக்கும்:
இவ்வளவு பெரிய கடிதம் வாங்குவேன்,
இன்னின்ன எழுத்து படிப்பேன்.
அந்தப் பட்டியலில் ஒரு சொல் உண்டு,
ஆங்கிலத்தில் எட்டு எழுத்து.
பொருள் இவ்வளவுதான்:
வா, கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.

அந்தச் சொல் இருந்த இடத்தில்
எட்டுப் பெருக்கல் குறிகள்.

என் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன்.
கைபேசி வேறு நிறுவனம்; அதன் வழியாகத்
தார்த்து சர்வரைக் கூப்பிட்டேன். சொல் இருந்தது.
கம்பி வழியாகக் கூப்பிட்டேன். குறிகள்.
மறுபடி. மறுபடி. தேநீர் ஆறிப்போனது.
நடுவில் யாரோ
ஒரே ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு
மற்றதையெல்லாம் அப்படியே போகவிடுகிறார்கள்.
கடிதம் நின்றிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.
நிற்கவில்லை.
திறந்த மேனிக்குப் போனது, வந்தது,
பதிவேட்டில் 'சேர்ந்தது' என்று பச்சையில் விழுந்தது,
எத்தனை மாதமோ.

இணைய நிறுவனத்துக்கு இங்கே ஒரே ஆள், ராய்வோ.
"பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம், பாதுகாப்புக்கு.
பூட்டிக்கொண்டு பேசினால் உள்ளே வைரஸ் தேட முடியாதே."
பிறகு சிரித்தான்.
"மடியில் கனமில்லையென்றால் வழியில் என்ன பயம்?"

கனம் இருக்கிறது, ராய்வோ.
ஆர்வெத் வங்கிக்கு எழுதிய கெஞ்சல்,
மாய்மு டீச்சர் தலைநகரத்துக்குத் தெரியாமல் போட்ட விண்ணப்பம்,
ஒரு பிறந்தநாள் வாழ்த்து, அதற்கும் உள்ள கனம்.
இதெல்லாம் அப்போது வாயில் வரவில்லை.
போனை வைத்துவிட்டு ஒரு வரி மாற்றினேன்:
பூட்டிக்கொள்ளாதவர்கள் பிறகு வரட்டும்.

செவ்வாய்க்கிழமை எண்ட்லா வந்தாள்,
பெட்ரோல் நிலையச் சீருடை, கையில் டீசல் வாடை.
"தார்த்து மருத்துவமனைக் கடிதம் வந்ததா?
திசு எடுத்தார்கள்."

வந்தது என்பதா, வரவில்லை என்பதா.
பதினொரு முறை வாசல்வரை வந்திருக்கிறது.
பதினொரு முறையும் திருப்பி அனுப்பியவள் நான்.
சொன்னேன்.
இப்போதே திறந்தால் வந்துவிடும்,
வழியில் ஒரு பெட்டி படிக்கும்,
பெட்டிக்குப் பின்னால் யாரென்று தெரியாது.
திறக்கவா?

சர்வரின் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ராய்வோ வியாழன்தான் வேனுக்கு டீசல் போடுவான்" என்றாள்.
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு
போய்விட்டாள்.

வியாழன் பம்ப் அருகே என்ன பேசினாளோ.
நான் கேட்கவில்லை. இந்தத் தீவும்
அதிசயமாய் எதையும் சொல்லவில்லை.
மாலை நான்கு பத்துக்குக் குறிகள் போய்ச்
சொல் திரும்பியிருந்தது,
கடைக்குப் போய்விட்டு வந்ததுபோல.

முப்பத்தெட்டாம் முறையாகத் தார்த்து வணக்கம் சொன்னது.
சான்றிதழ் சரி. சாவி பேசி முடித்தார்கள்.
பிறகு கம்பி நெடுக யாருக்கும் புரியாத இரைச்சல்,
நாற்பத்தொரு கிலோபைட்.

இந்தப் பூட்டு வழிக்கு மட்டும்தான்.
வாசல் தாண்டியதும் கழன்றுவிடும்.
என் வட்டில் அது வெறும் எழுத்தாய்க் கிடக்கிறது இப்போது,
பாதி வரிக் கட்டளை போதும்.

கொதிகலன் உறுமுகிறது.
எண்ட்லாவுக்கு இரவுப் பணி, காலை ஏழுக்கு முடியும்.
நாற்காலியை மேசையிலிருந்து தள்ளிப் போட்டு
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
ஏழு மணிவரை
பூட்டு நான்.